உங்களுக்குத் தெரியுமா? வேலியோரப் பூவில் குச்சி ஐஸ்!

பங்குனி பிறந்ததும் பெருந்துறைப் பக்கம் வெயில் ஏறிவிடும். மணியடித்துக்கொண்டு ஐஸ் பெட்டி தெருவுக்குள் வரும்: பால் ஐஸ், சேமியா ஐஸ், ஜவ்வரிசி ஐஸ், கலர் ஐஸ். அந்தக் கலரும் வாசனையும் பெரும்பாலும் பவுடரிலும் எசன்ஸிலும் இருந்து வருபவை. நல்ல நிறமும் மணமும் உள்ள பூக்கள் அதே தெருவின் வேலிகளிலும் பொடக்காலிகளிலும் பூத்து உதிர்கின்றன. அவற்றில் எதை ஐஸாக்கலாம், எதைச் சர்பத்தாக்கலாம், எதை நாக்கில் வைக்கவே கூடாது? இந்த வாரம் அதைப் பார்ப்போம்.

● நீலச் சங்குப்பூவைக் கொண்டு இரண்டு நிறக் குச்சி ஐஸ் போடலாம். பதினைந்து, இருபது பூவைப் பறித்து, அடியில் உள்ள பச்சைப் பகுதியைக் கிள்ளிவிட்டு, இரண்டு டம்ளர் கொதிநீரை ஊற்றி மூடி வையுங்கள். கொஞ்ச நேரத்தில் இதழ்கள் வெளுத்துப்போகும். தண்ணீர் மைக்கூட்டில் நிறைத்த மாதிரி நீலமாகிவிடும். வடிகட்டி, சூடு ஆறுவதற்குள் அரை டம்ளர் சர்க்கரையைக் கரைத்து, பாதியைத் தனியே எடுத்துக்கொள்ளுங்கள். மீதிப் பாதியில் எலுமிச்சம்பழத்தைப் பிழியுங்கள். சாறு விழுந்த இடத்தில் மட்டும் முதலில் ஒரு ஊதா வளையம் தோன்றும். கரண்டியால் ஒரு சுற்று சுற்றினால் பாத்திரம் முழுக்க ஊதாவாகிவிடும். பிள்ளைகளைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு செய்ய வேண்டிய வேலை இது. அச்சில் பாதி வரை நீலத்தை ஊற்றி ஃப்ரீசரில் வையுங்கள். அது இறுகியதும் மேலே ஊதாவை ஊற்றுங்கள்.

நிறம் மாறுவதற்குக் காரணம் இதழில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி. புளிப்புப் பட்டால் ஊதா, ஆப்பசோடா பட்டால் பச்சை. பள்ளி ஆய்வகத்தில் லிட்மஸ் தாள் காட்டும் பாடத்தை அடுப்படியிலேயே நடத்திவிடலாம். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: சங்குப்பூவுக்கு நிறம் உண்டு, ருசி கிடையாது. பயறு வகைக் குடும்பத்துக் கொடி என்பதால் பச்சைப் பயறின் வாசம்தான் லேசாக வரும். எலுமிச்சையோ இஞ்சியோ சேர்த்தால்தான் அது ஐஸ். பூவை மட்டும் எடுங்கள். இந்தக் கொடியின் வேரும் விதையும் நாட்டு வைத்தியத்தில் பேதிக்குக் கொடுப்பவை.

● மலேசியாவின் கிளந்தான் பகுதியில் ‘நாசி கெராபு’ என்ற நீலச் சோறு பேர்போனது. அந்த நீலம் சங்குப்பூவினுடையது. அமெரிக்காவின் உணவு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சங்குப்பூச் சாற்றை உணவு நிறமியாக ஏற்றது 2021-ல். ஐஸ்கிரீமும் அந்த அனுமதிக்குள் வருகிறது.

● குடிக்கும்போது தித்திப்பாக இருந்த சர்பத் ஐஸான பின் ஏன் சப்பென்று இருக்கிறது? நாக்கில் இனிப்பை உணரும் செல்கள் குளிரில் மந்தமாகிவிடுகின்றன. மணமும் அப்படித்தான். குளிர்ந்த பொருளிலிருந்து வாசனை எழும்பி மூக்குக்கு வருவது குறைவு. ஆகவே உறைய வைக்கும் எதையும் குடிக்கும் பதத்தைவிட ஒரு பங்கு கூடுதல் இனிப்பாகவும் கூடுதல் மணமாகவும் கலக்க வேண்டும். சர்க்கரைக்கு இன்னொரு வேலையும் உண்டு. அது தண்ணீர் முழுக்கக் கட்டியாவதைத் தடுக்கும். நான்கு டம்ளர் தண்ணீருக்கு ஒரு டம்ளர் சர்க்கரை போட்டால் குச்சி ஐஸ் கடிக்கும் பதத்தில் வரும். ‘சர்க்கரை கெடுதி’ என்று பாதியாகக் குறைத்தால் பல்லுடையும் பாறைதான் கிடைக்கும். அளவைக் குறைக்காதீர்கள், எண்ணிக்கையைக் குறையுங்கள்.

● பூ வாசனை தண்ணீரில் நிற்பதைவிடக் கொழுப்பில் நன்றாக நிற்கும். மணம் தரும் பொருள்களில் பெரும்பாலானவை எண்ணெயில் கரைபவை என்பதே காரணம். ஆகவே ரோஜா, மல்லி போன்ற மணப் பூக்களுக்குப் பால் அல்லது தேங்காய்ப்பால் வேண்டும். செம்பருத்தி, சங்குப்பூ போன்ற நிறப் பூக்களுக்குத் தண்ணீர் போதும். இந்த ஒரு கணக்கு பிடிபட்டுவிட்டால் எந்தப் பூவை எதில் போடுவது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

தேங்காய்க்கு நமக்குப் பஞ்சமில்லை. பெருந்துறை என்றாலே வியாபாரிகளுக்குக் கொப்பரை ஏலம்தான் ஞாபகம் வரும். சந்தகைக்குப் பிழியும் கெட்டியான முதல் பாலை எடுத்துக்கொண்டு, அதில் கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரையைக் கரைத்து, ஒரு கை பன்னீர் ரோஜா இதழைக் கசக்கிப் போட்டு இரவு முழுக்கக் குளிர்பெட்டியில் வையுங்கள். காலையில் வடிகட்டி அச்சில் ஊற்றினால் மாலைக்குள் ஐஸ் தயார். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போகும் அதே கவுந்தப்பாடிச் சர்க்கரைதான் இது. வெள்ளைச் சர்க்கரையில் வராத ஒரு அடி ருசி இதில் வரும். நிறம் மட்டும் ரோஜாவாக இருக்காது, கருப்பட்டிக் காப்பி நிறத்தில் இருக்கும். நிறத்துக்காக ருசியை விட்டுக்கொடுக்க வேண்டாம் என்பது என் கட்சி.

● கடையில் வாங்கும் டப்பாவில் ‘ஐஸ்கிரீம்’ என்று போட்டிருந்தால் அதில் குறைந்தது 10 சதவீதம் பால் கொழுப்பு இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. பால் கொழுப்புக்குப் பதில் தாவர எண்ணெய்க் கொழுப்பு சேர்த்தால் அதை ‘ஃப்ரோசன் டெசர்ட்’ என்றுதான் அச்சிட வேண்டும். அடுத்த முறை மூடியைத் திருப்பிப் பாருங்கள்.

● செம்பருத்தியை வெந்நீரில் போட்டதும் சிவப்பு வரும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். தண்ணீர் மங்கலான கருநீலத்துக்குப் போகும், கொஞ்சம் கொழகொழப்பும் சேரும். பயப்படாதீர்கள். நான்கு சொட்டு எலுமிச்சைச் சாறு போதும், குருதிச் சிவப்பு பளிச்சென்று வந்துவிடும். ஐந்து இதழ் உள்ள ஒற்றைச் செம்பருத்திதான் இதற்கு ஏற்றது. நடுவிலுள்ள மகரந்தத் தண்டை உருவிவிட்டு இதழை மட்டும் போடுங்கள். அந்தக் கொழகொழப்பு ஐஸுக்கு நல்லதுதான், பனிக்கட்டி ஊசி ஊசியாக வளராமல் பார்த்துக்கொள்ளும். கர்ப்பிணிகளும் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.

● எகிப்தின் கர்க்கதே, மெக்சிகோவின் ஹமைக்கா, செனகலின் பிஸ்ஸாப் மூன்றும் ஒரே செடியின் சிவப்புச் சர்பத்துகள். அது நம் புளிச்சக்கீரையின் சொந்தக்காரச் செடி. அதில் சிவப்பும் புளிப்பும் தருவது இதழ் இல்லை. பூ உதிர்ந்த பின் காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு நிற்கும் புல்லி இதழ்கள்தான். அதில் எலுமிச்சையே தேவையில்லை. கீரையைக் கடைந்து தின்னும் நாம், பூத்து முடிந்த செடியைப் பிடுங்கி எறிந்துவிடுகிறோம். சிவப்புத் தண்டு ரகமாக இருந்தால் இரண்டு செடியை விட்டுவைத்துப் பாருங்கள்.

● குல்கந்து செய்ய அடுப்பே வேண்டாம். நாட்டு ரோஜா இதழை நிழலில் ஈரம் போக உலர்த்தி, கண்ணாடி ஜாடியில் ஒரு அடுக்கு இதழ், ஒரு அடுக்கு கற்கண்டுத் தூள் என்று நிரப்பி, வாயை மெல்லிய துணியால் கட்டி வெயிலில் வையுங்கள். தினமும் ஒரு கிளறு. இரண்டு மூன்று வாரத்தில் இதழ் குழைந்து பாகாகிவிடும். கொங்கு நாட்டுச் சித்திரை வெயில் இந்த வேலைக்கென்றே அடிப்பது. அந்தக் குல்கந்தை நன்றாகச் சுண்டக் காய்ச்சிய எருமைப்பாலில் கலந்து உறைய வைத்தால் குல்ஃபி. எருமைப்பாலில் கொழுப்பு கூடுதல், ஆகவே கடைந்துகொண்டே இருக்கும் இயந்திரம் இல்லாமலே வழவழப்பு வந்துவிடும்.

● ஃப்ரீசர் வருவதற்கு முன் குல்ஃபியை எப்படி உறைய வைத்தார்கள்? ஐஸ் கட்டியோடு உப்பைக் கலந்துதான். வெறும் ஐஸ் பூஜ்ஜியம் டிகிரியில் நிற்கும். உப்புச் சேர்ந்தால் மைனஸ் 21 டிகிரி வரைகூட இறங்கும். அதற்கும் முன்னால், அக்பர் அரண்மனையில் வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்துக் குடிநீரைக் குளிரவைத்ததாக ‘அயினி அக்பரி’ சொல்கிறது.

நம் ஊருக்கு ஐஸ் வந்தது கப்பலில். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியை ஃபிரெடரிக் டியூடர் என்ற வியாபாரி மரத்தூளில் பொதித்து 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னையில் அதைச் சேமிக்க 1842-ல் கட்டியதுதான் திருவல்லிக்கேணிக் கடற்கரையில் இன்றும் நிற்கும் ஐஸ் ஹவுஸ். இப்போது அது விவேகானந்தர் இல்லம்.

● கிராம்பு ஒரு பூ மொட்டு. மலர்வதற்கு முன் பறித்துக் காயவைத்தது. கன்னியாகுமரிக் கிராம்புக்கு 2021-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. பிரியாணியில் போடும் அன்னாசிப்பூ பூவே இல்லை, காய்ந்த காய். குங்குமப்பூ ஒரு பூவில் மூன்று இழை மட்டும். ஒரு கிலோ சேர ஏறக்குறைய 1,50,000 பூ வேண்டும். வடநாட்டு இனிப்புகளில் மணக்கும் கேவ்டா நம் தாழம்பூவின் நீர்தான். ஒடிசாவின் கஞ்சம் மாவட்டத்தில் ஆண் தாழையின் பூவை வடித்து எடுக்கிறார்கள்.

● தைப்பொங்கலுக்கு வீட்டு வாசலில் காப்புக் கட்டும் ஆவாரம்பூ குடிக்கவும் ஏற்றது. கொங்குப் பகுதியில் காணும் பொங்கலன்று பெண்கள் கூட்டமாகப் போய் ஆவாரம்பூ பறித்து, கும்மியடித்துத் திரும்பும் பூப்பறிக்கும் நோம்பி இன்றும் பல ஊர்களில் நடக்கிறது. அன்று பறித்ததில் ஒரு கூடையைச் சமையலறைக்கும் ஒதுக்குங்கள். நிழலில் காயவைத்துக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டால் கோடை முழுக்க வரும். லேசான துவர்ப்பு இருக்கும். சுக்கும் ஏலமும் நாட்டுச் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சி ஆறவைத்து, எலுமிச்சை பிழிந்து ஐஸ் போட்டால் தேநீர் பிடிக்காதவர்களும் கேட்டு வாங்குவார்கள். இலங்கையில் இதே பூ ‘ரணவரா’ என்ற பெயரில் நாள்தோறும் குடிக்கும் பானம். அங்கே காய்ந்த வில்வப் பூவையும் வெந்நீரில் போட்டுக் கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடிக்கிறார்கள். நம் கோயில்களில் வில்வமரம் இல்லாத இடம் குறைவு. அதன் பூவைக் குடிக்கலாம் என்ற பழக்கம் மட்டும் நம்மிடம் இல்லை.

● ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பது அலங்காரப் பேச்சு இல்லை. காய்ந்த இலுப்பைப்பூவின் எடையில் பாதிக்கும் மேல் சர்க்கரைதான். இரவில் மலர்ந்து விடியற்காலையில் உதிரும். வெயில் ஏறுவதற்குள் பொறுக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் எறும்பும் எடுத்துவிடும், புளிக்கவும் ஆரம்பித்துவிடும். பால் பாயசத்தில் சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து, வறுத்த இலுப்பைப்பூவைச் சேர்த்துப் பாருங்கள். எள்ளோடு இடித்து உருண்டையும் பிடிக்கலாம். இலுப்பை மரங்கள் அருகிவிட்டன. எண்ணெய்க்காகவும் நிழலுக்காகவும் கோயில் நிலங்களில் வைத்தவற்றில் மிச்சமிருப்பவையாவது நிற்கட்டும்.

● பதநீரும் நீராவும் பூவிலிருந்து வருபவை. பனையிலும் தென்னையிலும் பூக்கள் விரியாத பாளையைச் சீவும்போது வடியும் சாறுதான் அது. வடிந்த சில மணி நேரத்தில் புளிக்கத் தொடங்கிவிடும். அதைத் தடுக்கத்தான் பதநீர்க் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். காசர்கோட்டில் உள்ள மத்திய தோட்டப்பயிர் ஆராய்ச்சி நிறுவனம் சுண்ணாம்பு இல்லாமல், மரத்தின் மேலேயே ஐஸ் நிரப்பிய பெட்டிக்குள் சாற்றைச் சேகரிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அந்தச் சாற்றுக்கு ‘கல்பரசா’ என்று பெயர். தமிழக அரசு 2017-ல் நீரா இறக்க அனுமதி தருவதாக அறிவித்தது. நீராவைச் சும்மா அச்சில் ஊற்றி உறைய வைத்தாலே குச்சி ஐஸ். சர்க்கரை போட வேண்டாம், நிறம் போட வேண்டாம்.

● வாழைப்பூ பறிப்பதால் வாழைத்தாருக்கு நஷ்டமில்லை. சீப்பாகும் பெண் பூக்கள் முதலில் விரிந்து பிஞ்சு பிடித்துவிடும். அதன் பின் தொங்கும் மொட்டில் இருப்பவை ஆண் பூக்கள். அதை ஒடித்துவிட்டால் காய்கள் இன்னும் திரட்சியாகும் என்று சத்தியமங்கலம், கோபி விவசாயிகள் எல்லாருக்கும் தெரியும். பூசணியிலும் இதே கதைதான். பூவுக்கு அடியில் குட்டிக் காய் இருந்தால் பெண், வெறும் நீளக் காம்பாக இருந்தால் ஆண். மார்கழியில் சாணிப் பிள்ளையாருக்கு வைப்பதற்கு எந்தப் பூவைப் பறிப்பது என்று பாட்டிகள் அதைப் பார்த்துத்தான் கிள்ளுவார்கள். அந்த ஆண் பூவைக் கடலை மாவில் தோய்த்துப் பஜ்ஜி போடலாம். உள்ளே சிறு வண்டு ஒளிந்திருக்கும், பிரித்துப் பார்த்துவிட்டுத் தோய்க்கவும்.

● குண்டுமல்லி பறிக்கும்போது மணக்காது, மாலையில் இதழ் விரியும்போதுதான் மணம் கிளம்பும். சீனாவின் ஃபூஜோ நகரத்தில் இதை வைத்துத்தான் மல்லிகைத் தேயிலை செய்கிறார்கள். அன்றன்றைய மொட்டைத் தேயிலையோடு கலந்து வைத்து, இரவெல்லாம் அது விட்ட மணத்தைத் தேயிலை குடித்த பிறகு, காலையில் பூவைச் சலித்து எடுத்துவிடுவார்கள். தாய்லாந்தில் ஆறிய தண்ணீரின் மேல் மல்லிகையை மிதக்க விட்டு மூடிவைப்பார்கள். அந்த மணநீரில் ஐஸும் சோறும் போட்டு உண்பதற்கு ‘காவ் சே’ என்று பெயர். கோடையில் மட்டும் கிடைக்கும் உணவு.

நம்மாலும் செய்ய முடியும். ஆனால் ஒரு கண்டிப்பான நிபந்தனை. மார்க்கெட் பூவில் செய்யாதீர்கள். மல்லியில் மொட்டுப்புழுவும் சிலந்திப்பேனும் ஓயாத தொல்லை, மருந்தடிக்காமல் வணிகச் சாகுபடி நடப்பது அரிது. காய்கறியில் மருந்தடித்தால் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று ஒரு காத்திருப்பு உண்டு. மல்லியோ தினமும் பறிக்கும் பயிர். தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் விளைவித்த பூ அது. உண்பதற்கு விளைவித்தது இல்லை. பூக்கடை ரோஜாவுக்கும், கல்யாண மேடையில் மிஞ்சிய பூவுக்கும் இதே தீர்ப்புதான்.

● தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள் முழுச் செடியும் நஞ்சு. மூலனூர், தாராபுரம் பகுதியில் கண்வலிக்கிழங்கு என்ற பெயரில் பந்தல் போட்டு வளர்ப்பது அதன் விதைக்காக. விதையிலிருந்து எடுக்கும் கோல்ச்சிசின், கீல்வாத வகை ஒன்றுக்கு மருந்து; அளவு மீறினால் உயிரைப் பறிக்கும். நான்கு வழிச்சாலைகளின் நடுவே வரிசையாகப் பூத்து நிற்கும் அரளியும் அப்படியே: பூ, இலை, தண்டு, எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். கேரளத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு 2024 மே மாதம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியை நிறுத்திவிட்டது. ஊமத்தை, எருக்கு, மஞ்சள் அரளி இவற்றின் பக்கமே போக வேண்டாம். ஐஸ் தட்டை அழகுபடுத்தக்கூட இந்தப் பூக்களை வைக்காதீர்கள். தட்டில் இருப்பதைக் குழந்தை தின்னும்.

● எந்தப் பூவையும் முதல்முறை சாப்பிடும்போது ஒரு இதழ், இரண்டு இதழோடு நிறுத்திப் பாருங்கள். மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குத் தும்மலும் அரிப்பும் வரலாம். மகரந்தத் தண்டை நீக்கிவிட்டு இதழை மட்டும் எடுப்பது எப்போதும் பாதுகாப்பு.

● சத்தியமங்கலம் மார்க்கெட்டில் தை முகூர்த்தத்துக்கு மல்லி கிலோ ஆயிரங்களைத் தாண்டும். கோடையில் வரத்து குவிந்தால் சில நூறுக்கு இறங்கிவிடும். மிஞ்சுவது வாசனைத் திரவிய ஆலைக்குப் போகிறது. பறிகூலிக்குக் கட்டாத நாள்களும் உண்டு. விலை விழும் அந்தக் கோடைதான் ஐஸுக்கும் சர்பத்துக்கும் காலம். மருந்தடிக்காமல், உண்பதற்கென்றே கால் ஏக்கர் மல்லியும் ரோஜாவும் வளர்த்து, பூநீராகவும் குல்கந்தாகவும் மாற்றினால் விவசாயிக்கு இன்னொரு வழி திறக்கும். பெருந்துறையிலேயே கொங்கு பொறியியல் கல்லூரியில் உணவுத் தொழில்நுட்பம் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். கோவையில் வேளாண் பல்கலைக்கழகம் இருக்கிறது. பாலும் தேங்காயும் நாட்டுச் சர்க்கரையும் ஒரு மணி நேரத் தூரத்துக்குள் கிடைக்கின்றன. பூ மட்டும்தான் சுத்தமாக வர வேண்டியிருக்கிறது. உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால், இந்த ஆடிப் பட்டத்திலேயே ஒரு சிறு பாத்தியில் தொடங்கிப் பாருங்கள். வீட்டில் இடமுள்ளவர்கள் சமையலுக்கென்று ஒரு செம்பருத்தியை ஒதுக்கி, அதில் மட்டும் எந்த மருந்தும் அடிக்காமல் விடுங்கள்.